ஏத்த ஒரு பட்டன், நிறுத்த மூணு பட்டன்

மாமனார்: ...கையை எடுங்க மாப்பிள்ளை! கிடார் சத்தத்தை மாத்துற அந்தப் பெட்டி மேல இனிமே ஒரு விரல் படக்கூடாது. கால் விரலையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

மருமகன்: மாமா, என்ன ஆச்சுன்னுதான் பாக்குறேன்...

மாமனார்: என்ன ஆச்சா? இருநூறு பேர் முன்னாடி என் பாட்டு செத்துப்போச்சு. அதான் ஆச்சு. பிரேதத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாராம்!

மருமகன்: இருநூறு இல்ல மாமா. எழுபது நாற்காலி. அதுலயும் கடைசி ரெண்டு வரிசை காலி.

மாமனார்: காலியா இருந்துச்சா, காலி ஆச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கிடார் ஒரு உறுமு உறுமுச்சு பாருங்க... மேனேஜரோட காது மெஷின் கழண்டு கேக்குல விழுந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்.

மருமகன்: கேக்கே இன்னும் வரலையே மாமா.

மாமனார்: வரும்போதே காது மெஷினோட வரும், பாருங்க! முன் வரிசையில ஒரு கைக்குழந்தை. அதுக்கு அந்த அதிர்ச்சியிலயே ரெண்டு பல் முளைச்சிருச்சு. ஜன்னல்ல இருந்த புறா மூணு தலைமுறைக்கு இந்தக் கட்டடத்துப் பக்கம் வராது.

மருமகன்: கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பக்கத்து ஹால்ல அத்தையைப் பாராட்டிப் பேசிட்டு இருக்காங்க. சுவர் மெல்லிசு.

மாமனார்: பேசட்டும்! முப்பத்தாறு வருஷம் இந்தத் தண்ணி லேப்ல பாட்டில் பாட்டிலா தண்ணியைச் சோதிச்சவ. இன்னைக்கு ரிட்டயர் ஆகுறா. புருஷன் தானே எழுதி, தானே ட்யூன் போட்டு ஒரு பாட்டுப் பாடுறான். அதுல ரெண்டாவது சரணம் வர்ற நேரம் பாத்து... பீரங்கி! பீரங்கி வச்சீங்க நீங்க!

மருமகன்: பீரங்கி இல்ல மாமா. டிஸ்டார்ஷன்.

மாமனார்: பேரு வேற வச்சிருக்கீங்களா அதுக்கு!

மருமகன்: முதல் பாட்டுக்கு ஸ்டாஃப் எல்லாரும் ஆடினாங்கல்ல? அந்த டான்ஸ் பாட்டுக்குப் போட்ட எஃபெக்ட் அது. மூணு எஃபெக்ட். உறுமுறது ஒண்ணு, எதிரொலிக்கிறது ஒண்ணு, பெரிய மண்டபத்துல வாசிக்கிற மாதிரி கேக்குறது ஒண்ணு. அந்தப் பாட்டு முடிஞ்சதும் மூணையும் அணைச்சுட்டேன். உங்க பாட்டுக்கு வெறும் கிடார்தான்.

மாமனார்: அணைச்சீங்களா? அணைச்சது எப்படிங்க அலறும்?

மருமகன்: பல்லவி சுத்தமா இருந்துச்சா இல்லையா?

மாமனார்: ...இருந்துச்சு.

மருமகன்: முதல் சரணம்? "எட்டாவது மாடியில் நான் நின்னாலும், உன் சிரிப்பு வந்து கதவைத் திறக்கும்"... அது?

மாமனார்: அதுக்குக் கை தட்டினாங்க. நடுவுலயே தட்டினாங்க. ஒரு அம்மா அழுதாங்க.

மருமகன்: தும்மினாங்க மாமா.

மாமனார்: அழுதுட்டுத் தும்மினாங்க! பேச்சை மாத்தாதீங்க. சரி, அலறிடுச்சு. மெஷின்னா அலறும். உடனே நிறுத்தணுமா வேண்டாமா? நீங்க என்ன பண்ணீங்க? கொதிக்கிற மணல்ல நிக்கிற மாதிரி குதிச்சீங்க. இங்க ஒரு மிதி, அங்க ஒரு மிதி, நடுவுல ஒரு மிதி. இந்தக் காலை எடுத்து அங்க வைக்கிறதுக்குள்ள ஒரு ஆட்சியே மாறியிருக்கும்!

மருமகன்: அது என் தப்புதான் மாமா. ஒத்துக்கிறேன். இங்க பாருங்க. நாலாவது பட்டனை ஒரு தரம் மிதிச்சா மூணு எஃபெக்டும் ஒண்ணா வர்ற மாதிரி செட் பண்ணியிருந்தேன். அணைக்கிறதுக்கு அப்படி எதுவும் வைக்கலை. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தனித்தனியா மிதிக்கணும்.

மாமனார்: நில்லுங்க, நில்லுங்க. திரும்பச் சொல்லுங்க. ஏத்துறதுக்கு...

மருமகன்: ஒரு பட்டன்.

மாமனார்: நிறுத்துறதுக்கு?

மருமகன்: மூணு.

மாமனார்: அடப் பாவி மனுஷா! முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டரா இருந்தவன்கிட்ட வந்து இதைச் சொல்றீங்களே, உங்களுக்கு நெஞ்சு எவ்வளவு பெருசு! ஆஸ்பத்திரி லிஃப்ட், மாவு மில் லிஃப்ட், பொணம் ஏத்துற லிஃப்ட்... எதுல வேணா ஏறிப் பாருங்க. சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். ஒண்ணே ஒண்ணு. குழந்தை அமுக்கினாலும் நிக்கும், குடிகாரன் அமுக்கினாலும் நிக்கும். மூணு பட்டன் அமுக்கினாத்தான் லிஃப்ட் நிக்கும்னா அந்தக் கட்டடத்துக்கே பூட்டுப் போட்டிருப்பேன். ஓனரை உள்ள வச்சுப் பூட்டியிருப்பேன்!

மருமகன்: அதைத்தான் இப்ப சரி பண்றேன். ரெண்டு நிமிஷம் குடுங்க. இதே நாலாவது பட்டன். இன்னொரு தரம் மிதிச்சா மூணும் ஒண்ணா அணையணும். செட்டிங்ல ஒரே ஒரு இடத்துல மாத்தணும், அவ்வளவுதான்... இதோ. இப்ப கேளுங்க. மிதிக்கிறேன்.

மாமனார்: ஐயோ! காது!

மருமகன்: திரும்ப மிதிக்கிறேன். ...நின்னுச்சா? ஒரே மிதி. உங்க சிவப்புப் பட்டன் மாதிரி.

மாமனார்: எங்க நின்னுச்சு? இன்னும் கேக்குதே. டொய்ங்... டொய்ங்... டொய்ங்...

மருமகன்: அது எதிரொலியோட வால். அணைச்சாலும் கடைசியா வாசிச்சது மெல்ல அடங்கும். பாட்டு திடீர்னு வெட்டுப்பட்ட மாதிரி இருக்கக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க.

மாமனார்: பாத்தீங்களா? பாத்தீங்களா? அணைச்ச பிறகும் பேசுது! உங்க பெட்டிக்கு மானம் கிடையாது. இதை நம்பி நான் திரும்ப மேடை ஏற மாட்டேன். முடிஞ்சுது. போய்ச் சொல்லிடுங்க, பெட்டி ரிப்பேர், பாட்டு கேன்சல்னு.

மருமகன்: வாலையும் அணைக்கலாம் மாமா. அதுக்கும் ஒரு செட்டிங் இருக்கு. இதோ... "வால் வேண்டாம்"னு போட்டாச்சு. மிதிக்கிறேன். வாசிக்கிறேன். மிதிக்கிறேன். இப்ப ஊசி விழுந்தாக் கேக்கும்.

மாமனார்: இங்க கேக்கும். மேடையில? மேடையில உங்க கால் வழுக்கிடுச்சுன்னா? நீங்க கண்ணாடிக் கடைக்காரர். ஊர்ல இருக்கிறவன் கண்ணையெல்லாம் அளக்குறீங்க. காலுக்கு என்னங்க கேரண்டி?

மருமகன்: சரி, அப்ப இன்னும் சுலபமா ஒண்ணு சொல்றேன். டான்ஸ் பாட்டுதான் முடிஞ்சு போச்சே. எஃபெக்ட் மூணையும் பெட்டியை விட்டே எடுத்துடறேன். எந்தப் பட்டனை யார் மிதிச்சாலும் சத்தம் வராது.

மாமனார்: வேண்டாம்!

மருமகன்: ஏன் மாமா?

மாமனார்: ஏன்னா... வெறும் கிடார் தகர டப்பா மாதிரி இருக்கும். என் குரலுக்கு ஒரு கனம் இருக்கு. அதுக்குத் தகுந்த மரியாதை வேணாமா?

மருமகன்: இப்பத்தானே பீரங்கின்னீங்க?

மாமனார்: பீரங்கிக்கும் தகர டப்பாவுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையா உலகத்துல! என்ன பேச்சு பேசுறீங்க!

மகள்: உள்ள என்ன சத்தம்? வெளிய அம்மாவோட டைரக்டர் பேசுறாரு, அவர் பேச்சை விட அப்பா பேச்சுதான் நல்லாக் கேக்குது. பாதிப் பேர் சுவரைப் பாத்து உக்காந்திருக்காங்க.

மாமனார்: வாம்மா, வா. நீயே கேளு. இந்த மனுஷனுக்கு உன்னைக் கட்டிக் குடுத்தேன் பாரு, அன்னைக்கே என் பாட்டு செத்துப்போச்சு.

மகள்: அப்பா, போதும். ஏங்க, நீங்களும்தான். நாலு மாசமா வீட்டு ஹால்ல அந்தப் பெட்டியை விரிச்சு வச்சு உக்காந்தீங்க. கேட்டா "உங்க அப்பா பாட்டுக்குத்தான் பயிற்சி"ன்னீங்க. இன்னைக்கு இப்படி ஆச்சு. அம்மா முகத்தைப் பாத்தீங்களா?

மருமகன்: பாத்தேன்.

மகள்: அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? கேக் வெட்ட மாட்டாங்களாம். ஞாபகப் பரிசு வாங்க மாட்டாங்களாம். ரெண்டாவது சரணத்தைக் கேட்டுட்டுத்தான் நாற்காலியை விட்டு எந்திரிப்பாங்களாம்.

மாமனார்: ரெண்டாவது சரணம்னே சொன்னாளா? அந்த வார்த்தையேவா?

மகள்: அதே வார்த்தை. ஒரு மாசமா நீங்கதானே சொல்லிட்டு இருந்தீங்க? "முதல் சரணம் ஊருக்கு, ரெண்டாவது சரணம் உனக்கு"ன்னு. காப்பி குடிக்கும்போது சொன்னீங்க. துணி காயப் போடும்போது சொன்னீங்க. போன்ல என்கிட்டயும் சொன்னீங்க. இப்ப அவங்க கேக்குறாங்க. பாடுங்க.

மாமனார்: பாடலாம்மா. தொண்டையெல்லாம் தயாராத்தான் இருக்கு. ஆனா இவரோட பெட்டி...

மருமகன்: பெட்டி சரியாயிடுச்சு.

மாமனார்: சரியாகலை!

மகள்: ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. ஆயிடுச்சா, ஆகலையா? இன்னொரு தரம் அந்தச் சத்தம் வந்துச்சுன்னா பெட்டியும் நீங்களும் உங்க கடையிலதான் படுத்துக்கணும். வீட்டுக்குள்ள வரக்கூடாது.

மருமகன்: ஒரே மிதி. மூணும் அணையும். வால் கூட இல்ல. நீயே மிதிச்சுப் பாரு.

மகள்: ...அட. நல்லாத்தானே நிக்குது? என்னப்பா?

மாமனார்: இப்ப நிக்கும். கூட்டத்தைப் பாத்தா அதுக்கு வேகம் வந்துடும்.

மகள்: மெஷினுக்கு கூட்டம் தெரியுமா? உங்களுக்கு சத்தம் வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

மாமனார்: என்னைக் கேள்வி கேக்குற அளவுக்கு வளந்துட்டியா? நான் பாதிக்கப்பட்டவன்! பாதிக்கப்பட்டவனைக் கூண்டுல ஏத்துறீங்க ரெண்டு பேரும்!

மகள்: டைரக்டர் முடிக்கப் போறாரு. அதுக்கப்புறம் யூனியன் செயலாளர், அவரு ரெண்டு நிமிஷம்தான். மொத்தம் பத்து நிமிஷம். நான் போய் அம்மா பக்கத்துல உக்காந்துக்கறேன். பத்து நிமிஷத்துல மேடையில இருக்கீங்க. ரெண்டு பேரும்.

மாமனார்: போறா பாருங்க. அப்படியே அவங்க அம்மா நடை.

மருமகன்: மாமா... ஒண்ணு கேக்கலாமா?

மாமனார்: கேக்காதீங்க.

மருமகன்: ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது நான் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். ரெண்டு காலும் ஸ்டூல் கம்பி மேல. பெட்டி தரையில, நமக்கு நடுவுல. நாலாவது பட்டன் உங்க மைக் பக்கத்துல இருந்துச்சு.

மாமனார்: அதனால?

மருமகன்: அது தானா ஆன் ஆகாது மாமா.

மாமனார்: ஆகும்! கரண்ட் ஏறி இறங்கும். பூமி அதிரும். வெளிய லாரி போச்சு. பெரிய லாரி. பதினாறு சக்கரம்.

மருமகன்: நீங்கதான் என்கிட்ட அடிக்கடி சொல்வீங்க. எந்த லிஃப்டும் தானா நகராது, எங்கயோ யாரோ ஒருத்தர் விரல் இருக்கும், அந்த விரலைக் கண்டுபிடிக்கத்தான் கவர்மெண்ட் எனக்குச் சம்பளம் குடுத்துச்சுன்னு.

மாமனார்: நான் சொன்னதை எனக்கே திருப்பிப் போடுறீங்க. என்ன ஒரு அக்கிரமம்! மாமனார்னு ஒரு மட்டு மரியாதை... மாப்பிள்ளைன்னு இவ்வளவு நாள் உங்களை... நான் எதுக்குங்க என் பாட்டை நானே கெடுத்துக்கணும்? பைத்தியமா எனக்கு? நாலு மாசம் உக்காந்து எழுதினேன். அடிச்சு அடிச்சு எழுதினேன். ரெண்டு நோட்டு தீந்துபோச்சு.

மருமகன்: தெரியும்.

மாமனார்: பேனா எல்லாம் தேஞ்சு போச்சு.

மருமகன்: தெரியும் மாமா. ஆனா பயிற்சிக்கு வரும்போதெல்லாம் முதல் சரணத்தோட நிறுத்திடுவீங்க. ரெண்டாவதுக்கு "லா லா லா"ன்னு பாடுவீங்க. அன்னைக்கு மேடையில பாத்துக்கலாம்பீங்க.

மாமனார்: ...அது ரகசியமா இருக்கட்டும்னுதான்.

மருமகன்: என்கிட்டயுமா? எழுதினீங்கதானே?

மாமனார்: எழுதினேன்யா! எழுதாமலா? சட்டைப் பையில இருக்கு. இந்தாங்க, படிங்க. படிச்சுட்டுச் சிரிங்க.

மருமகன்: "பதவி வருதென்று நான் சொன்னேன், அது பொய்... வந்த பதவியை நீ விட்டாய், அது மெய்..." மாமா, இது...

மாமனார்: சத்தமாப் படிக்காதீங்க. சுவர் மெல்லிசுன்னு நீங்கதானே சொன்னீங்க?

மருமகன்: என்ன பதவி மாமா?

மாமனார்: பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி. தலைமை லேப்ல அவளைப் பெரிய அதிகாரியாப் போட்டாங்க. வேற ஊரு. ஆர்டர் கையில வந்துடுச்சு. அவ அதை மூணு தரம் படிச்சா. எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருந்தேன். எனக்கு... எனக்கு ஊரை விட்டுப் போக மனசில்ல. சமைக்கத் தெரியாது, தனியா இருக்கத் தெரியாது. பொண்டாட்டி என்னை விடப் பெரிய நாற்காலியில உக்காருவான்னு ஒரு... அதுவும் இருந்துச்சுன்னே வச்சுக்குங்க. எனக்கும் இங்க ப்ரமோஷன் வரப்போகுது, பேப்பர் மேல போயிருக்குன்னு சொல்லிட்டேன். எந்தப் பேப்பரும் போகலை. அவ நம்பி, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா. அவளுக்குப் பதிலா போனவரு இன்னைக்கு மேடையில பேசுறாரு பாருங்க, டைரக்டர்னு... அவருதான். நான் அந்தப் ப்ரமோஷனுக்காக ஒரு வருஷம் காத்திருக்கிற மாதிரி நடிச்சேன். வரலைன்னதும் அவதான் எனக்கு ஆறுதல் சொன்னா. ஆறுதல் சொன்னாய்யா! "உங்க திறமை இவங்களுக்குத் தெரியலை"ன்னா. இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் எழுதினேன். முதல் சரணம் முடிஞ்சுது. நிமிந்து பாத்தேன். அவ நேரா என்னையே பாத்துட்டு இருக்கா. பக்கத்துல அந்த டைரக்டர். வாய் திறந்தேன். வார்த்தை மேல வரலை. கீழ இறங்கிடுச்சு... காலுக்கு.

மருமகன்: மிதிச்சிட்டீங்க.

மாமனார்: மிதிச்சிட்டேன். நீங்க குதிச்சு அணைக்கிறதுக்குள்ள ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு இறங்கிட்டேன். பழியை உங்க தலையில போட்டேன். கால் மணி நேரமா இங்க நின்னு உங்களை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். பெத்த பொண்ணு உங்களைக் கடையில படுக்கச் சொன்னப்பவும் சும்மா நின்னேன். நான் மனுஷனே இல்ல. திட்டுங்க.

மருமகன்: திட்ட நேரமில்ல மாமா. அங்க கை தட்டுறாங்க. செயலாளர் முடிச்சிட்டாரு போல.

மாமனார்: மாப்பிள்ளை, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். ஒரே ஒரு தரம். ரெண்டாவது சரணம் வரும்போது அந்த நாலாவது பட்டன். நீங்களே மிதிச்சிடுங்க. பெட்டி மறுபடி கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம். வீட்டுக்குப் போய் நானே அவகிட்டத் தனியாச் சொல்லிடறேன். சத்தியமா. நாளைக்கு. இல்ல, இந்த வாரத்துக்குள்ள. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, எதையும் சந்தேகப்படவும் இல்ல. மெஷின் பழுதுன்னு நம்பிட்டா.

மருமகன்: முடியாது மாமா. நீங்களே சொல்லணும்னுதான் தெரியாத மாதிரி கேட்டேன். நான் மேடையை விட்டு இறங்கும்போதே அத்தை என்னை ஓரமாக் கூப்பிட்டாங்க. முன் வரிசையில உக்காந்து அவங்க உங்க முகத்தைப் பாக்கலையாம், உங்க செருப்பைத்தான் பாத்தாங்களாம். "அந்தப் ப்ரமோஷன் பேப்பர் எங்கயும் போகலைன்னு எனக்கு அந்த வாரமே தெரியும், அவர் வாயால சொல்வாருன்னு பத்தொன்பது வருஷமாக் காத்திருக்கேன், இன்னொரு பத்து நிமிஷம் என்ன... நீங்க மட்டும் பெட்டியைத் தூக்கி அவர் கால் எட்டாத இடத்துல வைங்க"ன்னாங்க.